வீட்டில் நாலு லினக்ஸ் கணினி: ஒரே அப்டேட்டை நாலு தடவை இறக்க வேண்டாம்

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டு உபுண்டு 24.04 டெஸ்க்டாப், ஒரு லினக்ஸ் மின்ட் லேப்டாப், ஒரு ராஸ்பெர்ரி பை, எல்லாம் ஒரே ரவுட்டரில். அப்டேட் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றும் அதே பேக்கேஜைத் தனித்தனியாக இணையத்திலிருந்து இறக்குகிறது, டேட்டா காலியாகிறது. ஒரு கணினியில் உபுண்டு ரெப்போவை (பேக்கேஜ்கள் இருக்கும் இணையக் களஞ்சியம்) முழுசாக மிரர் செய்து, அதாவது அப்படியே பிரதி எடுத்து வைத்து மற்றவற்றை அதிலிருந்து எடுக்கச் சொல்லலாமா, அதற்கு எவ்வளவு பெரிய டிஸ்க் வேண்டும், அப்படிப் பகிர்வது பாதுகாப்பானதா?

முதலில், டிஸ்க் எதுவும் வாங்காதீர்கள். முழு மிரர் வீட்டுக்குத் தேவையே இல்லை, டேட்டாவை மிச்சம் பிடிக்கத்தான் இதெல்லாம் என்றால் மிரர் நேர் எதிராகத்தான் வேலை செய்யும். உபுண்டுவின் தாய் டெபியன், அதன் 12ஆம் பதிப்பு வெளியானபோது அதிலிருந்த பேக்கேஜ்கள் 64,419. சாதாரண டெஸ்க்டாப் ஒன்றில் நிறுவப்பட்டிருப்பவை இரண்டாயிரம் சொச்சம்தான். மிரர் என்றால் மீதி அறுபதாயிரத்தையும், நீங்கள் ஆயுளில் தொடப்போகாத வானியல் மென்பொருள், பழைய மொழிகளுக்கான கம்பைலர், யாருக்கோ வேண்டிய டேட்டாபேஸ் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கி, அவற்றில் எது மாறினாலும் மறுபடி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு வெளியீடு, ஒரே ஒரு பிராசசர் வகை என்று சுருக்கினாலும் பல நூறு ஜிபி போய்விடும். அது கல்லூரிக்கும் இணைய நிறுவனத்துக்கும் சரி. நாலு கணினிக்கு வேண்டியது கேச்: முதலில் ஒரு கணினி கேட்கும்போது வெளியிலிருந்து இறக்கி, ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அடுத்தது கேட்டால் அதையே எடுத்துக் கொடுப்பது. யாரும் கேட்காதது வீட்டுக்குள் வரவே வராது. இதற்கு டெபியன், உபுண்டு குடும்பத்தில் ரொம்ப நாளாக இருக்கும் கருவி ஆப்ட்-கேச்சர்-என்ஜி (ஆப்ட் என்பது பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கட்டளை). டெபியன், உபுண்டு ரெப்போவிலேயே இருக்கிறது.

(கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

எந்தக் கணினியில் நிறுவுவது? எது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதில். உங்கள் வீட்டில் அது அநேகமாக அந்த ராஸ்பெர்ரி பைதான். அதன் பிராசசர் வேறு, மற்றவை இன்டெல் ஆயிற்றே என்று யோசிக்க வேண்டாம், கேச்சுக்கு உள்ளே இருப்பது எந்தப் பிராசசருக்கான பேக்கேஜ் என்பது பற்றிக் கவலையே இல்லை, அதற்கு எல்லாமே வெறும் ஃபைல். ஒரே ஒரு விஷயம், எஸ்டி கார்டில் ஓயாமல் எழுதினால் கார்டு சீக்கிரம் போய்விடும், அதனால் ஒரு பழைய எஸ்எஸ்டியை யூஎஸ்பியில் மாட்டி கேச் ஃபோல்டரை அங்கே மாற்றிவிடுங்கள். செட்டிங் ஃபைலில் கேச்டிர் என்ற வரி அதற்குத்தான். எதையும் மாற்றாவிட்டால் அது வார், கேச், ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற பாதையில் போய்ச் சேரும்.

நிறுவும்போதே ஒரு கேள்வி கேட்கும், ஹெச்டிடிபி டனல்களை (கேச் உள்ளே பார்க்க முடியாத நேரடி இணைப்புகள்) அனுமதிக்கலாமா என்று. அவசரத்தில் என்டரைத் தட்டினால் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளும். இந்தக் கேள்விக்குக் கீழே மறுபடி வருகிறேன், பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மற்றபடி நிறுவி முடித்ததுமே அது 3142 என்ற போர்ட்டில் ஓட ஆரம்பித்துவிடும், வேறெதுவும் செய்ய வேண்டாம். ரவுட்டருக்குள் போய் அந்தக் கணினிக்கு ஐபி மாறாதபடி ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள், 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம் மற்ற ஒவ்வொரு கணினியிலும் ஒரே ஒரு வரி, கேச்சை ப்ராக்ஸியாக, அதாவது இடைத்தரகராக, எடுத்துக்கொள்ளச் சொல்வது. எட்சி ஃபோல்டருக்குள் ஆப்ட், அதற்குள் ஆப்ட்.கான்ஃப்.டி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அங்கே 02ப்ராக்ஸி என்ற மாதிரி ஏதோ ஒரு பெயரில் புது ஃபைல் ஒன்றைத் தொடங்கி இதை எழுதுங்கள்:

அக்வயர்::ஹெச்டிடிபி::ப்ராக்ஸி "ஹெச்டிடிபி://192.168.1.10:3142";

கடைசி அரைப்புள்ளியை விட்டால் ஆப்ட் கோபித்துக்கொள்ளும். சோர்சஸ் பட்டியலைத் தொட வேண்டியதே இல்லை, எந்த மிரர் எழுதியிருக்கிறதோ அது அப்படியே இருக்கட்டும். கேச் ஓடும் கணினியிலும் இதே வரியை 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும்) என்ற முகவரியோடு போடுங்கள், இல்லாவிட்டால் அது மட்டும் நேராக வெளியே போய் இறக்கிக்கொண்டிருக்கும், அந்த ஃபைல்கள் யாருக்கும் பயன்படாது. புதிதாக ஒரு கணினியில் டெபியனோ உபுண்டு சர்வரோ நிறுவுகிறீர்கள் என்றால் இன்னும் சுலபம், நிறுவும்போதே ப்ராக்ஸி முகவரி கேட்கும் ஒரு திரை வரும், எல்லோரும் வெற்றாக விட்டுவிட்டுத் தாண்டும் அந்தப் பெட்டியில் இந்த முகவரியைக் கொடுத்தால் நிறுவலுக்கான பேக்கேஜ்களும் கேச்சிலிருந்தே வரும், பிறகும் அந்த செட்டிங் அப்படியே நிற்கும். விர்ச்சுவல் மெஷின்களை அடிக்கடி உடைத்துக் கட்டுகிறவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே கேச் வைக்கலாம்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, பிரவுசரில் அந்த ஐபியும் 3142 போர்ட்டும் போட்டு, பின்னால் ஏசிஎன்ஜி-ரிப்போர்ட்.ஹெச்டிஎம்எல் என்று சேர்த்துத் திறங்கள். கேச்சிலிருந்து கொடுத்தது எவ்வளவு, வெளியிலிருந்து இறக்கியது எவ்வளவு என்று ஒரு அட்டவணை இருக்கும். முதல் உபுண்டுவை அப்கிரேடு செய்யும்போது எல்லாம் வெளியிலிருந்து வரும், இரண்டாவதில் செய்யும்போது வேகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற ஒரே பேக்கேஜ் உபுண்டு 24.04இல் கிட்டத்தட்ட அரை ஜிபி. 100 எம்பிபிஎஸ் கேபிளில்கூட வீட்டுக்குள் அது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் அதே ஃபைலைக் கேட்டாலும் பிரச்சினை இல்லை, ஒரு தடவைதான் இறக்கும், வரவர இரண்டுக்கும் ஊற்றிக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே இறக்கிய பேக்கேஜ்கள் ஏதாவது கணினியில் கிடந்தால் அவற்றையும் வீணாக்க வேண்டாம். வார், கேச், ஆப்ட், ஆர்கைவ்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள். ஆப்ட்-கெட் என்று பழைய கட்டளையைப் பயன்படுத்துகிறவர் என்றால் அங்கே நிறைய இருக்கும், வெறும் ஆப்ட் என்று தட்டுகிறவர் என்றால் நிறுவி முடித்த கையோடு அது அழித்துவிடும், காலியாக இருக்கும். இருப்பதை எல்லாம் கேச் ஃபோல்டருக்குள் _இம்போர்ட் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் காப்பி செய்து, முதலில் ஒரு கணினியில் கேச் வழியாக ஆப்ட் அப்டேட் ஓட்டிவிட்டு, அந்த ரிப்போர்ட் பக்கத்திலேயே இருக்கும் இம்போர்ட் பட்டனை அழுத்தினால் உள்ளே சேர்த்துக்கொள்ளும். அப்டேட்டை முதலில் ஓட்டச் சொல்வது ஏனென்றால், பட்டியல் கையில் இருந்தால்தான் எந்த ஃபைல் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியும்.

இனி, எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ள வேண்டும். நாலு கணினி, அதனால் டேட்டா நாலில் ஒன்றாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டு கணினிக்கும் அதே வெளியீடு, அதே பிராசசர் வகை, அதே பேக்கேஜ், அதே பதிப்பு என்றால்தான் பகிர்வு நடக்கும். உங்கள் இரண்டு உபுண்டுவும் 24.04, அது பக்காவாகப் பொருந்தும். மின்ட் 22 வரிசை என்றால் அதன் அடித்தளம் உபுண்டு 24.04தான், அடித்தளப் பேக்கேஜ்களை நேராக உபுண்டு ரெப்போவிலிருந்தே எடுக்கிறது, அதனால் கர்னல், ஃபர்ம்வேர், லிப்ரே ஆபீஸ் எல்லாம் பொதுவாகிவிடும், மின்ட்டின் சொந்தச் சரக்கு மட்டும் தனி. மின்ட் 21 வரிசை என்றால் அது 22.04ஐ நம்பி இருக்கிறது, உங்கள் உபுண்டுகளோடு ஒட்டவே ஒட்டாது. டேட்டாதான் கவலை என்றால் அந்த லேப்டாப்பை 22க்கு ஏற்றிவிடுவதில் கிடைக்கும் லாபம் கேச்சின் எந்த செட்டிங்கிலும் கிடைக்காது. ராஸ்பெர்ரி பை டெபியன் அடிப்படை, ஆர்ம் பிராசசர், அதனால் அது எதையும் யாரோடும் பங்குபோடாது. சர்வராக இருந்து சேவை செய்யட்டும், அது போதும். ஒரு நல்ல விஷயம், ஒரு கணினியில் இந்தியாவுக்கான மிரரும் இன்னொன்றில் முதன்மை மிரரும் எழுதியிருந்தால்கூட ஆப்ட்-கேச்சர்-என்ஜி இரண்டும் ஒரே சரக்கு என்று புரிந்துகொண்டு ஒரே பிரதிதான் வைக்கும். ஸ்க்விட் போன்ற பொதுவான ப்ராக்ஸியைச் சும்மா நிறுவினால் இது நடக்காது, முகவரி வேறென்றால் ஃபைலும் வேறு என்றுதான் அது நினைக்கும்.

பாதுகாப்புக்கு வருவோம். 'ப்ராக்ஸி வழியாக, அதுவும் ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் வெறும் ஹெச்டிடிபியில் மென்பொருள் வாங்குவதா' என்று பயப்படுவது நியாயம்தான், ஆனால் ஆப்ட் நம்புவது வழியை அல்ல. ரெப்போவின் உச்சியில் இன்ரிலீஸ் என்று ஒரு ஃபைல், அதில் டிஜிட்டல் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் சாவி உங்கள் கணினியிலேயே இருக்கிறது. அந்த ஃபைலுக்குள் பேக்கேஜ் பட்டியல்களின் எஸ்ஹெச்ஏ256 எண், அந்தப் பட்டியலுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் எஸ்ஹெச்ஏ256 எண். நடுவில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் எண் ஒத்துவராது, ஆப்ட் நிறுவ மறுத்துவிடும். அரக்கு முத்திரை உடையாத கவரை எந்தத் தபால்காரர் கொண்டுவந்தால் என்ன, அந்தக் கதைதான். டெபியனில் இந்த முறை 2007இல் வந்த எட்ச் வெளியீட்டிலிருந்தே இருக்கிறது. ஓட்டையே இருந்ததில்லை என்று சொல்ல மாட்டேன், 2019 ஜனவரியில் ஆப்ட்டிலேயே ஒரு கோளாறு வெளிவந்தது, ஹெச்டிடிபி ரீடைரக்டைக் கையாளும் இடத்தில் நடுவிலிருப்பவர் பொய்யான எண்ணைப் புகுத்த முடிந்தது, உடனே திருத்தினார்கள். வீட்டைப் பொறுத்தவரை நடுவிலிருப்பவர் நீங்களேதான். நீங்கள் செய்ய வேண்டியது ரவுட்டரில் 3142ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடாமல் இருப்பது, வீட்டில் விருந்தாளி வைஃபை தனியாக இருந்தால் அங்கிருந்தும் எட்டாதபடி பார்ப்பது. ரிப்போர்ட் பக்கத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் பட்டன்களும் இருப்பதால், குழந்தைகள் கைக்கு எட்டும் வீடு என்றால் செக்யூரிட்டி.கான்ஃப் ஃபைலில் அட்மின்ஆத் வரியைத் திறந்து ஒரு பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த டனல் கேள்வி. நீங்கள் கேச்சை நிறுவிய மறுநாள் ஏதாவது ஒரு கணினியில் ஆப்ட் அப்டேட் ஓட்டும்போது '403' என்று சிவப்பாக ஒரு வரி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். உபுண்டுவின் சொந்த ரெப்போ ஹெச்டிடிபியில் இருக்கிறது, ஆனால் குரோம், டாக்கர், விஎஸ் கோட் மாதிரி வெளியாட்களின் ரெப்போக்களும் இப்போது பிபிஏக்களும் (தனியாட்கள் உபுண்டுவுக்காக நடத்தும் ரெப்போக்கள்) ஹெச்டிடிபிஎஸ்ஸில் இருக்கின்றன. நாம் ஹெச்டிடிபிக்கு என்று எழுதிய ப்ராக்ஸியை ஆப்ட் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கும் எடுத்துக்கொள்கிறது, கேச்சிடம் போய் ஒரு டனல் திற என்கிறது, கேச் முடியாது என்கிறது. இதற்கு மூன்று வழி. சும்மா இருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு கணினியிலும் அதே ஃபைலில் அக்வயர்::ஹெச்டிடிபிஎஸ்::ப்ராக்ஸி "டைரக்ட்"; என்று இன்னொரு வரி போடுங்கள் ('டைரக்ட்' என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில்), ஹெச்டிடிபிஎஸ் சமாச்சாரங்கள் கேச்சைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய்விடும். அல்லது சர்வரில் பாஸ்த்ரூபேட்டர்ன் என்ற செட்டிங்கில் 443 போர்ட்டை அனுமதித்துவிடலாம், நிறுவும்போது 'சரி' என்று சொல்லியிருந்தால் நடந்திருப்பது இதுவே. இரண்டிலும் அந்தப் பேக்கேஜ்கள் கேச் ஆகாது, டனலுக்குள் என்ன போகிறது என்று கேச்சுக்குத் தெரியாது அல்லவா. குரோம் அப்டேட் சின்னதில்லை, அதையும் கேச் செய்ய வேண்டும் என்றால் மூன்றாவது வழி: சோர்சஸ் பட்டியலில் அந்த ரெப்போவின் முகவரியை ஹெச்டிடிபி://ஹெச்டிடிபிஎஸ்/// என்று ஆரம்பித்து, அதன் பின்னால் உண்மையான முகவரியை எழுதுவது. பார்க்க எழுத்துப்பிழை மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் முறை, நடுவிலுள்ள சொல்லை ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் போட வேண்டும். கணினியிலிருந்து கேச் வரை ஹெச்டிடிபி, கேச்சிலிருந்து வெளியே ஹெச்டிடிபிஎஸ். கையொப்பச் சோதனை வழக்கம்போல நடக்கும். நானாக இருந்தால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்வேன், ஏனென்றால் மூன்றாவது வழியில் போன ரெப்போ கேச் இல்லாத இடத்தில் திறக்கவே திறக்காது, அதோடு குரோம் தன் அப்டேட்டின்போது சோர்சஸ் ஃபைலைத் தானே திருத்தி எழுதும் பழக்கம் உள்ளது.

அடுத்தது லேப்டாப். மின்ட் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியூர் போனீர்கள், அங்கே 192.168.1.10 இல்லை, ஆப்ட் ஏதும் செய்யாமல் காத்திருந்துவிட்டு இணைக்க முடியவில்லை என்று சொல்லிவிடும். அதனால் லேப்டாப்பில் மட்டும் ப்ராக்ஸியை நேராக எழுதாமல், அக்வயர்::ஹெச்டிடிபி::ப்ராக்ஸி-ஆட்டோ-டிடெக்ட் என்ற வரியைப் போட்டு அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்டின் பாதையைக் கொடுங்கள். அந்த ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நெட்கேட் என்ற கட்டளையை வைத்து 192.168.1.10இன் 3142 போர்ட் திறந்திருக்கிறதா என்று ஒரு விநாடி தட்டிப் பார், திறந்திருந்தால் ப்ராக்ஸி முகவரியை அச்சிடு, இல்லாவிட்டால் 'டைரக்ட்' என்று அச்சிடு. யூசர், லோக்கல், பின் ஃபோல்டரில் வைத்து எல்லோரும் இயக்கும்படி அனுமதி 755 கொடுங்கள். அனுமதி கொடுக்க மறந்துவிட்டு ஸ்கிரிப்டையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கலாம். இதே வேலைக்கு ஆட்டோ-ஆப்ட்-ப்ராக்ஸி என்று ஒரு தனிப் பேக்கேஜும் உண்டு, ஆனால் அது கேச்சைத் தேடும் இடங்களில் முக்கியமானது கேட்வே. நம் வீடுகளில் கேட்வே என்பது இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர், அதில் கேச் ஓடாது. வீட்டு டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபியாக மாற்றும் சேவை) பதிவு போட முடிகிறவர்களுக்கு அது சுகம், மற்றவர்களுக்கு ஸ்கிரிப்டே போதும். சொல்லப்போனால் டெஸ்க்டாப்களிலும் இந்த ஸ்கிரிப்டையே போட்டுவிடலாம், கரண்ட் போய் பை எழுந்திருக்காத நாளிலும் அப்டேட் நிற்காது.

கேச் வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிரப்பிவிடுமா? தினமும் ஒரு துப்புரவு ஓடும். எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போன பழைய பதிப்புகளை நாலு நாள் வைத்திருந்துவிட்டு அழிக்கும். வீட்டளவில் சில ஜிபியிலிருந்து பத்து இருபது ஜிபிக்குள் நிற்கும். ஆனால் ஏதாவது ஒரு பட்டியலைப் புதுப்பிக்க முடியாமல் போனால், உதாரணமாக நீங்கள் எப்போதோ சேர்த்து அப்புறம் செத்துப்போன ஒரு பிபிஏ, அது ஜாக்கிரதையாகத் துப்புரவையே பாதியில் நிறுத்திவிடும், அன்றிலிருந்து எதுவும் அழியாது. அதனால் எப்போதாவது ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்து துப்புரவைக் கையால் ஓட்டிப் பாருங்கள், எங்கே தடுக்குகிறது என்று அதுவே சொல்லும், அந்தப் பழைய பட்டியலை டிக் செய்து நீக்கிவிடலாம்.

'இவ்வளவு எதற்கு, ஆப்ட் ஆர்கைவ்ஸ் ஃபோல்டரை என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் முறை) பகிர்ந்துவிட்டால் ஆயிற்று' என்று சிலர் சொல்வார்கள். அது ஓரளவு ஓடும், அப்புறம் ஓடாது. இரண்டு கணினி ஒரே நேரத்தில் அப்கிரேடு செய்தால் லாக் ஃபைலில் முட்டிக்கொள்ளும். இறக்கும் வேலையை ஆப்ட் இப்போது _ஆப்ட் என்ற தனிப் பயனர் பெயரில் செய்கிறது, என்எஃப்எஸ்ஸின் அனுமதி விதிகளோடு அது ஒத்துப்போகாது. போதாததற்கு, ஆப்ட் கட்டளை நிறுவிய கையோடு ஃபைலை அழிப்பதால் அடுத்தவருக்கு மிச்சம் இருக்காது. இரண்டே கணினிதான், எப்போதாவதுதான் என்றால் பகிர்வே வேண்டாம், ஒன்றில் ஆப்ட்-கெட்டால் அப்கிரேடு செய்து, அந்த ஆர்கைவ்ஸ் ஃபைல்களை பென்டிரைவில் இன்னொன்றின் அதே ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு அங்கே அப்கிரேடு கொடுங்கள், இருப்பதை மறுபடி இறக்காது. உங்கள் சொந்தக் கணினிகளுக்குள் மட்டும் இதைச் செய்யுங்கள், யாரோ கொடுத்த பென்டிரைவை நம்பி வேண்டாம்.

உபுண்டுவில் டேட்டா ஒழுகும் இன்னொரு பெரிய ஓட்டை ஸ்னாப் என்ற தனி நிறுவல் முறை. 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது, ஸ்னாப் ஆப்ட் வழியாகப் போவதில்லை, அதனால் கேச் அதைப் பார்க்காது. ஃப்ளாட்பாக்கும் அப்படியே. பெரிய ஸ்னாப் ஒன்றை இரண்டு டெஸ்க்டாப்பிலும் நிறுவ வேண்டும் என்றால் ஒன்றில் ஸ்னாப் டவுன்லோடு என்று இறக்கினால் இரண்டு ஃபைல் வரும், ஒன்று மென்பொருள், இன்னொன்று அதன் கையொப்பச் சான்று. இரண்டையும் காப்பி செய்து, மற்றதில் முதலில் ஸ்னாப் ஆக் என்று சான்றைக் கொடுத்துவிட்டு அப்புறம் நிறுவலாம். தானாக வரும் அப்டேட்டுக்கு இது உதவாது. டேட்டாவை ஸ்னாப்தான் தின்கிறது என்று தெரிந்தால், மோசில்லா தானே நடத்தும் ஆப்ட் ரெப்போவிலிருந்து ஃபயர்ஃபாக்ஸை மாற்றிக்கொள்ளுங்கள், ஹெச்டிடிபிஎஸ் ரெப்போ என்பதால் மேலே சொன்ன மூன்றாவது வழியில் கேச்சுக்குள்ளும் கொண்டுவரலாம். ஆர்ச் லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குப் பகோலோகோ இருக்கிறது, இதே வேலையை 9129 போர்ட்டில் செய்யும். விண்டோஸ் 10, 11இல் இதற்கு எதையும் நிறுவவே வேண்டாம், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற செட்டிங்கில் உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள கணினிகளை அனுமதித்தால் ஒன்றுக்கொன்று அப்டேட்டைக் கொடுத்துக்கொள்ளும்.

முழு மிரருக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு, இணையமே எட்டாத கணினிக் கூடம். அப்போதும் முழுசாக மிரர் எடுக்கும் ஆப்ட்-மிரர் என்ற கருவியை விட ஆப்ட்லி என்ற கருவியைப் பாருங்கள், வேண்டிய பேக்கேஜ்களையும் அவற்றுக்கு வேண்டியவற்றையும் மட்டும் வடிகட்டி எடுக்கும், ஒரு நாளின் நிலையை அப்படியே உறைய வைத்து எல்லாக் கணினிக்கும் ஒரே பதிப்பைக் கொடுக்கும். வீட்டில் அந்த அளவு தேவைப்படாது. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோகிறது என்பதுதான் கவலை என்றால் ஆப்ட்-கேச்சர்-என்ஜியின் செட்டிங் ஃபைலில் ஆஃப்லைன்மோடு என்ற வரியை 1 ஆக்கி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வெளியே போகவே போகாது, கையிலிருப்பதை மட்டும் கொடுக்கும், முதல் டெஸ்க்டாப்பில் ஏற்கெனவே நிறுவிய எதையும் இரண்டாவதில் அந்த நிலையிலேயே நிறுவலாம். டேட்டா வந்ததும் 0 ஆக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் 503 என்று வரும்.